இதனால என்ன பிரயோஜனம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேப்பரைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, காலிங்பெல். எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல்மாடிக்காரர், கூடவே மகள். பெண் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மார்க். பி.எஸ்ஸி. இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

'நீங்க நாலு இடம் போறவர், நாலு பேரைப் பார்க்கிறவர். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார். ஃபிசிக்ஸ் படிச்சு என்ன பிரயோஜனம்?' என்றார்.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பார்த்தே பழக்கப்பட்ட ஜாதி. போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று கணக்குப் போடுவதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் தனி அத்தியாயமே உண்டு. எனவே கொஞ்சமும் யோசிக்காமல் அந்தப் பெண்ணுக்கு உபதேசம் செய்தேன். 'அப்பா சொல்றதுல நியாயம் இருக்கும்மா. எதைப் படிச்சாலும் கடைசியில ஒரு உபயோகம் இருக்கணும் இல்லியா?'

அவள் எதிர்த்துப் பேசவில்லை. 'சரி அங்கிள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் 'சரி' என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால், நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரியும். அதற்கான சாட்சி என் பர்ஸில் இருந்தது. எப்போதோ காலாவதியான ஒரு பழைய கிரெடிட் கார்டு. அதன் மூலையில் ஒரு வெள்ளிப் பளபளப்பு. சாய்த்தால் ஒரு புறா இறக்கையை அசைக்கிற மாதிரி தெரியும். ஹாலோகிராம்.

உங்களிடமும் இருக்கும். கார்டு இல்லாவிட்டால், நீங்கள் வாங்கிய ஏதோ ஒரு பொருளின் அட்டைப் பெட்டியில் 'இது அசல்' என்று சொல்லும் பளபளா ஸ்டிக்கர். அதுவும் இல்லையென்றால் டாஸ்மாக் பாட்டிலின் மூடி மேலே. (தெருவோரம் கிடப்பதைப் பார்த்துச் சொல்கிறேன். நம்புங்கள்!) அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். வாழ்நாளில் பாதியை 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்ற கேள்விக்கு முன்னால் கழித்தவர். அவர் கதையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

*

டெனிஸ் கேபர். ஹங்கேரிக்காரர். 1900-ம் வருடம் ஜூன் 5-ம் தேதி புடாபெஸ்ட்டில் பிறந்தார். சின்ன வயதிலேயே தம்பியோடு சேர்ந்து வீட்டுக்குள் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்ட ஆசாமி. முதல் உலகப் போரில் சிப்பாயாக இத்தாலி எல்லைக்குப் போனார். திரும்பி வந்து புடாபெஸ்ட்டில் இன்ஜினீயரிங் சேர்ந்து, பிறகு பெர்லினுக்குப் போய்ப் படிப்பை முடித்தார். 1927-ல் டாக்டர் பட்டம். சீமென்ஸ் கம்பெனியில் வேலை.

1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கேபர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வேலை போனது, நாடும் போனது. கொஞ்ச நாள் ஹங்கேரியில் இருந்துவிட்டு, 1934-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். ரக்பி என்ற ஊரில் பிரிட்டிஷ் தாம்சன் ஹூஸ்டன் என்ற மின்சாதனக் கம்பெனி அவருக்கு இடம் கொடுத்தது.

அங்கேயும் நிம்மதி இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. இங்கிலாந்துக்கு எதிர் அணியில் ஹங்கேரி. ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவரையே, 'எதுக்கும் ஜாக்கிரதையா இருப்போம்' என்று சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். கம்பெனிக்குள் ராணுவ ரகசிய வேலைகள் நடந்தன. கேபருக்கு அதில் இடமில்லை. பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டு, 'நீங்க இங்க உட்கார்ந்து உங்க வேலையைப் பாருங்க' என்று விட்டுவிட்டார்கள்.

வேலிக்கு உள்ளே 'உபயோகமான' வேலை. வெளியே கேபர். இந்தக் காட்சியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. கேபரின் மனதில் ஒரு குடைச்சல். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்ற கருவி அப்போது வந்துவிட்டது. கணக்குப்படி பார்த்தால் அதில் அணுவையே பார்க்க முடிய வேண்டும். ஆனால் முடியவில்லை. காரணம் லென்ஸ். எலெக்ட்ரான்களை வளைக்கிற காந்த லென்ஸைக் குறையில்லாமல் செய்ய முடியவில்லை. பவர் தப்பான மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற நிலைமை.

1947 ஈஸ்டர் நாள். டென்னிஸ் விளையாடப் போன இடத்தில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கேபர். அப்போது பொறி தட்டியது. லென்ஸ் மோசமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே! மங்கலான படத்தையே எடுப்போம். ஆனால் ஒரு தகவலும் விட்டுப்போகாமல் முழுசாக எடுப்போம். அப்புறம் சாதாரண வெளிச்சத்தை வைத்து அந்தப் படத்தில் இருக்கும் தப்பைத் திருத்திக்கொள்வோம்!

'முழுசாக' என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். நம் கேமரா எடுக்கிற படம் முழுசு கிடையாது. வெளிச்சம் ஓர் அலை. அந்த அலை எவ்வளவு பலமாக வந்து விழுந்தது என்பதை மட்டும்தான் ஃபிலிம் குறித்துக்கொள்ளும். வந்து விழுந்தபோது அது மேட்டில் இருந்ததா, பள்ளத்தில் இருந்ததா என்பது ஃபிலிமுக்குத் தெரியாது. பொருளின் எந்தப் பகுதி பக்கத்தில், எது தூரத்தில் என்ற சமாசாரமெல்லாம் அந்த மேடு பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

அதைப் பிடிக்க என்ன வழி? கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பாடகர் ஸ்ருதியோடு சேர்கிறாரா, விலகுகிறாரா என்று எப்படித் தெரிகிறது? பின்னால் தம்புரா ஒரே சீராக ஒலித்துக்கொண்டே இருப்பதால். அதே தந்திரம்தான். பொருளின் மேல் பட்டுச் சிதறி வரும் அலையோடு, எதன் மேலும் படாத ஒரு சீரான அலையையும் ஃபிலிமில் விழ வைத்தார் கேபர். இரண்டும் மோதி, சில இடங்களில் கூடி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக் கோலம் போடும். அந்தக் கோலத்துக்குள் முழுத் தகவலும் அடக்கம். பிறகு அதே மாதிரி சீரான வெளிச்சத்தை அந்த ஃபிலிமில் பாய்ச்சினால், பழைய அலை உயிரோடு எழுந்து வரும். கிரேக்க மொழியில் 'ஹோலோஸ்' என்றால் முழுமை. அதிலிருந்துதான் ஹாலோகிராம் என்று பெயர் வைத்தார்.

ஐவர் வில்லியம்ஸ் என்ற உதவியாளரோடு சேர்ந்து செய்தும் காட்டினார். ஒரு பாதரச விளக்கு, வெளிச்சத்தை வடிகட்ட ஒரு ஃபில்டர், ஊசித் துளை, ஃபோட்டோ தட்டு. அவ்வளவுதான் மூலதனம். ஹைகன்ஸ், யங், ஃபிரெனல் என்று ஒளி அலைகளை ஆராய்ந்த பெரியவர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதி, அதை ஹாலோகிராமாக மாற்றி, திரும்ப எழுத்தாக வரவழைத்தார். 1948 மே மாதம் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை.

*

இங்கேதான் நம்ம ஆட்கள் மேடைக்கு வருகிறார்கள். அதாவது நானும் நீங்களும்.

பாதரச விளக்கின் வெளிச்சம் தாளம் தப்பாமல் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குத்தான். அதற்குமேல் ஸ்ருதி கலைந்துவிடும். எனவே தட்டையான, துக்கடாப் படங்களை மட்டுமே எடுக்க முடிந்தது. போதாக்குறைக்கு நிஜப் பிம்பத்தின் மேலேயே அதன் இரட்டைப் பிறவி மாதிரி இன்னொரு பிம்பமும் வந்து குழப்பியது. 1949-ல் கேபர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய்விட்டார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதைப் பொருத்திப் பார்க்க ஆல்டர்மாஸ்டனில் ஒரு தொழில் நிறுவன ஆய்வுக்கூடம் 1950-களின் முதல் பாதியில் முயன்று பார்த்தது. கருவி நடுங்கியது, படம் கலங்கியது. மூட்டை கட்டிவிட்டார்கள். 20 வருடம் முந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டோம் என்று பின்னாளில் நோபல் உரையில் கேபரே சொன்னார்.

நேர்மையாகச் சொல்கிறேன். அந்த வருடம் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிள்ளையாக நான் இருந்திருந்தாலும் மூடச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். இத்தனை செலவு, வரவு பூஜ்யம், இதனால என்ன பிரயோஜனம்?

பேட்டன்ட் கதையைக் கேளுங்கள், இன்னும் வேடிக்கை. 1947 டிசம்பரில் விண்ணப்பித்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி பேட்டன்ட்டின் ஆயுள் 16 வருடம். அதாவது 1963 முடியும்போது அதற்குக் கருமாதி. உலகம் ஹாலோகிராமைப் பார்த்து வாயைப் பிளந்தது எப்போது தெரியுமா? 1964-ல்!

நடுவில் என்ன நடந்தது? 1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவிட்டார். தாளம் தப்பாத வெளிச்சம்! கேபர் 13 வருடம் முன்பு ஏங்கிய அதே வெளிச்சம். ஆனால் மைமன் அதைக் கேபருக்காகச் செய்யவில்லை. ஹாலோகிராஃபிக்காகவும் செய்யவில்லை. சொல்லப்போனால், லேசரையே 'பிரச்னையைத் தேடி அலையும் தீர்வு' என்று அந்தக் காலத்தில் கிண்டல் செய்தார்கள். அதாவது, பிரயோஜனம் இல்லாத ஒரு கண்டுபிடிப்பு, பிரயோஜனம் இல்லாத இன்னொரு கண்டுபிடிப்புக்காகக் காத்திருந்தது.

இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத், ஜூரிஸ் உபட்னியக்ஸ். லீத் வேலை பார்த்தது ராணுவத்துக்கான ரேடாரில். அங்கே 1950-களின் நடுவில் கேபரின் தத்துவத்தையே தானாகக் கண்டுபிடித்தார். பிறகுதான், ஒருவர் இதை ஏற்கெனவே எழுதிவிட்டார் என்று தெரிந்தது. லீத்தின் வேலை ரகசியம், வெளியே பேச முடியாது. கேபரின் கட்டுரையோ யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நூலகத்தில் கிடந்தது. வேலிக்கு உள்ளே, வெளியே என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கதையில் வெளியே உட்கார்ந்திருந்த மனிதர்தான் உலகத்தோடு பேசினார்.

1964-ல் வாஷிங்டனில் நடந்த ஒளியியல் மாநாட்டில் இவர்கள் ஒரு பொம்மை ரயிலின் ஹாலோகிராமைக் காட்டினார்கள். விஞ்ஞானிகள் சினிமாக் கொட்டகை மாதிரி வரிசையில் நின்று பார்த்தார்கள். தலையைச் சாய்த்தால் ரயிலின் பக்கவாட்டுத் தெரிந்தது. பொம்மையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடியவர்களும் உண்டு. அதே காலத்தில் சோவியத் யூனியனில் யூரி டெனிஸ்யூக் இன்னொரு வழியில் ஹாலோகிராம் செய்தார். அவர் ஊர்ப் பெரியவர்கள் முதலில் அவரை நம்பவில்லை. பிரயோஜனக் கேள்விக்குக் கம்யூனிசம், முதலாளித்துவம் என்ற பேதமெல்லாம் கிடையாது போலிருக்கிறது.

1971-ல் கேபருக்கு நோபல் பரிசு. தனி ஒருவருக்கு. டென்னிஸ் கோர்ட்டில் பொறி தட்டி 24 வருடம் கழித்து. 1983-ல் மாஸ்டர்கார்டு, அடுத்த வருடம் விசா, என்று கார்டுகளில் ஹாலோகிராம் ஏறியது. போலிக் கார்டு அடிப்பவர்களைத் தடுக்க. கேபர் அதைப் பார்க்கவில்லை. 1979-லேயே இறந்துபோனார்.

1947-ல் போட்ட முதல், 1983-ல் நம் பர்ஸுக்கு வருகிறது. 36 வருடம். எந்த பேங்க் மேனேஜர் சார் 36 வருடத் தவணையில் லோன் கொடுப்பார்?

*

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

'அப்போ, கிறுக்குத்தனமா யார் எதைச் சொன்னாலும் காசு கொடுத்துக்கிட்டே இருக்கணுமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேபர் மாதிரி யோசித்து ஒன்றும் ஆகாமல் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, அதனால்தான் கேபர் கதை சுலபமாக இனிக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கை ஒழுங்காகப் போடுங்கள். கேபர் கேட்டது பாலம் கட்டுகிற பணமில்லை. ஒரு விளக்கு, ஒரு தட்டு, ஓர் உதவியாளர். ஆயிரம் கேபர்களில் 999 பேர் தோற்றாலும், நம்மில் பலர் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே ராத்திரியில் கரைக்கிற காசோடு ஒப்பிட்டால் அந்த ஒவ்வொரு தோல்வியும் சல்லிசு.

இரண்டாவது, எதற்கென்று ஆரம்பித்தார், எதில் போய் முடிந்தது என்று பாருங்கள். அணுவைப் பார்க்க ஆரம்பித்த யோசனை, கார்டில் புறாவாகப் பறந்தது. 1965-ல் மிச்சிகனில் பாவெல், ஸ்டெட்சன் என்ற இருவர், ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்தால்கூட ஹாலோகிராம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். விமானத்தின் டயருக்குள் ஒளிந்திருக்கும் பழுதைக்கூட அந்த வழியில் கண்டுபிடிக்கலாம். அந்த மூட்டை கட்டின எலெக்ட்ரான் வேலையும் வீணாகவில்லை. ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனி அகிரா டோனோமுரா என்ற விஞ்ஞானியைப் பல வருடம் பொறுமையாக அதில் வேலை பார்க்க விட்டது. 1986-ல் அவர் எலெக்ட்ரான் ஹாலோகிராஃபியை வைத்து, குவாண்டம் இயற்பியலில் நெடுநாளாக நடந்த ஒரு சர்ச்சைக்கே முடிவு கட்டினார். கவனியுங்கள், ஹிட்டாச்சி தர்ம சத்திரம் இல்லை. லாபம் பார்க்கிற கம்பெனி.

மூன்றாவது, கேபர் 1946-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒலி மாதிரியான சமிக்ஞைகளைச் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு. அதற்கும் அப்போது சந்தையில் விலையில்லை. பின்னாளில் கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன், மனிதனின் கருவிழியை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை உருவாக்கியபோது அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார். ஆதார் எடுக்கக் கண்ணைக் கருவிக்கு முன்னால் விரித்துக் காட்டினீர்களே... அந்தத் தொழில்நுட்பத்தின் வேர்களில் ஒன்று வேலிக்கு வெளியே இருந்த அந்த மனிதரின் யோசனை.

இத்தனைக்கும் அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்ன? செத்துப்போன பாடகர் மேடையில் தோன்றிப் பாடினால் 'ஆஹா ஹாலோகிராம்' என்கிறோம். 2012-ல் அமெரிக்க ராப் பாடகர் டூபாக்கை அப்படித்தான் 'எழுப்பினார்கள்'. அது ஹாலோகிராமே இல்லை. 1862-ல் லண்டன் மேடையில் பேய் காட்டுவதற்காகச் செய்த கண்ணாடி வித்தையின் புது அவதாரம். அசலுக்கு முத்திரை குத்தக் கண்டுபிடித்தவரின் பெயரிலேயே போலி!

நம் நாட்டு நிலவரத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். 2020-21 கணக்குப்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவு செய்தது 0.64 சதவிகிதம். தென் கொரியா 4 சதவிகிதத்துக்கும் மேல். இதற்கு அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அரசாங்கம் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு ஹாலிலிருந்துதான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து 'என்ன பிரயோஜனம்?' என்று கேட்கிற அப்பா, 'நியாயம்தாம்மா' என்று தலையாட்டுகிற என்னைப் போன்ற பத்திரிகைக்காரன்... இவர்கள்தானே பிற்பாடு மேனேஜராக, அதிகாரியாக, மந்திரியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்? அதே கேள்வி, அதே பேனா.

கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மளிகைக் கடையில் கேளுங்கள், சீட்டுக் கம்பெனியில் கட்டாயம் கேளுங்கள். ஆனால் 17 வயதுப் பெண் 'இது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும்' என்று கண் விரிய நிற்கும்போது கேட்காதீர்கள். அப்போது அந்தக் கேள்வி கேள்வியாக இருப்பதில்லை, வேலியாகிவிடுகிறது. கேபரை ஒரு யுத்தம் வேலிக்கு வெளியே உட்கார வைத்தது. நாம் நம் பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு யுத்தம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

அந்தப் பெண் நோபல் பரிசு வாங்குவாள் என்று நான் சொல்லவில்லை. வாங்காமலும் போகலாம். மூன்று வருடம் படித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதினாலும் எழுதலாம். ஆனால் அதை அவள் தீர்மானிக்கட்டும். என் வரவு செலவுக் கணக்கு வேண்டாம்.

கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்க இன்னும் சில நாள் இருக்கிறதாம். இதை எழுதி முடித்ததும் மேல்மாடிக்குப் போகப் போகிறேன். 'நான் சொன்னது தப்பும்மா' என்று சொல்லப் போகிறேன். கையில் அந்தப் பழைய கார்டை எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் அப்பா மறுபடியும் 'என்ன சார் பிரயோஜனம்?' என்று கேட்டால் காட்ட வேண்டுமே.

உங்கள் வீட்டு மேல்மாடியில் யார் இருக்கிறார்கள்?